உறுதியும் மறுப்பும்: கையடக்கத் தொலைபேசிச் சேவைத்தர வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

ஒருவருக்குச் சேவைத்தரத்தை உறுதிசெய்தல், நெரிசல் வேளையில் இன்னொருவருக்கு இடம் மறுத்தலையும் உள்ளடக்கியதாகும். தொலைபேசித் துறையில் இவ்வுண்மைக்குக் கணித வடிவம் தந்தவர் கொப்பன்கேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணிபுரிந்த ஏ. கே. ஏர்லாங் ஆவார். இணைப்புகளின் தொகையும் அழைப்புகளின் செறிவும் தெரிந்தவிடத்து, மறுக்கப்படும் அழைப்புகளின் விகிதத்தை அவர் 1917 இல் வெளியிட்ட சூத்திரத்தாற் கணிக்கலாம்.

கையடக்கத் தொலைபேசியின் வருகை இப்பிரச்சினையைச் சிக்கலாக்கியது. பேசுபவர் ஒரு கோபுரத்தின் எல்லையைக் கடந்து அடுத்ததனுட் புகும்போது, ஆங்கு வெற்று அலைவரிசை இல்லையேல் பேச்சு இடையில் அறும். புதிய அழைப்பு மறுக்கப்படுவதினும் இது கொடிது. எனவே, இவ்வாறு வருவோர்க்கெனச் சில அலைவரிசைகளை ஒதுக்கிவைக்கும் முறையை ஹொங், ரப்பபோட் ஆகிய இருவரும் 1986 இல் ஆராய்ந்தனர்.

2008 இல் வகுக்கப்பட்ட எல்.ரீ.ஈ. நியமம் சேவைகளை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்தது. அவற்றுள் நான்கிற்கே தரவு வேகம் உறுதியளிக்கப்பட்டது. குரல் உரையாடலுக்குரிய தாமத எல்லை 100 மில்லிசெக்கன் ஆகும். நெரிசலில் எவரை ஏற்பது, எவரை விலக்குவது என்பதற்கும் முன்னுரிமை எண் ஒன்று அமைந்தது. அவ்வெண்ணை இடுபவர் சேவை வழங்குநரே.

ஏர்லாங்கின் சூத்திரம் அழைப்போருள் வேறுபாடு காணவில்லை. பிந்திய நியமம் காண்கின்றது. ஆதலின், நோயாளிக்காக உதவி கோருபவரின் அழைப்பு எவ்விடத்து நிற்கும் என்பது பொறியியலாளர் மட்டும் தீர்க்கும் வினாவன்று. சமூகமும் கேட்கவேண்டிய வினாவாகும்.