ஒரு வரதாபாய், நாலு நடிகர்கள்

போன வாரக் கடைசியில் வீட்டில் பெரிய சண்டை. யார் நல்ல பேட்மேன்? பெரியவனுக்கு கிறிஸ்டியன் பேல். சின்னவளுக்கு ராபர்ட் பாட்டின்சன். நடுவில் நான், "எங்க காலத்துல மைக்கேல் கீட்டன்னு ஒருத்தர்..." என்று இழுத்தேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது :-)

கடைசியில் சின்னவள் கேட்டாள். "பம்பாயில உங்களுக்கு இப்படி ஒருத்தர் இல்லையாப்பா?"

இருந்தார். முகமூடி கிடையாது, வெள்ளை வேட்டி சட்டைதான். அவராகவும் பல நடிகர்கள் நடித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பேட்மேன் என்று யாரும் பிறக்கவே இல்லை. யார் எப்படி நடித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் ஆள் நிஜமாகவே இருந்தார், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்.

வரதராஜன் முதலியார், சுருக்கமாக வரதாபாய். விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கியவர். 1949-ல் வந்த பம்பாய் மதுவிலக்குச் சட்டம் ஊரெங்கும் கள்ளச்சாராயத்தைப் பெருக்கியது. அந்த வியாபாரத்தில்தான் அவர் வளர்ந்தார். தாராவி, ஆண்டாப் ஹில், கோலிவாடா என்று அவர் கை நீண்டது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் அவர் போடும் பிள்ளையார் பந்தலைப் பார்க்க பம்பாயே வரும். எண்பதுகளில் ஒய்.சி. பவார் என்ற போலீஸ் அதிகாரி கெடுபிடி செய்ய, சென்னைக்குப் போய்விட்டார். 1988 ஜனவரியில் அங்கேயே காலமானார். ஹாஜி மஸ்தான் தனி விமானம் வைத்து உடலைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள்.

இனி நடிகர்களுக்கு வருவோம்.

முதலில் 1983. கோவிந்த் நிஹலானியின் 'அர்த் சத்யா'. அதில் வரும் ராமா ஷெட்டி வரதாபாயை வைத்துத்தான் உருவானான் என்று அப்போதே பேச்சு. நடித்தவர் சதாசிவ் அம்ராபுர்கர், மராட்டி நாடகத்திலிருந்து வந்தவர். அலட்டல் கிடையாது. அவன் இடத்துக்கு இன்ஸ்பெக்டர் (ஓம் புரி) வருவார், பேசுவார், தோற்றுப் போவார். இந்தப் படத்தில் கேமரா போலீஸ்காரன் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் அந்த ஆள் ஒரு சுவர்தான். அவன் யாருக்கு நல்லது செய்தான், அவனிடம் ஏன் ஜனம் போகிறது என்ற கேள்வியெல்லாம் படத்துக்குத் தேவையில்லை.

நாலு வருஷம் கழித்து, 1987 தீபாவளிக்கு 'நாயகன்'. மணிரத்னம், கமல், பி.சி. ஸ்ரீராம், இளையராஜா. தோட்டா தரணி தாராவியை மெட்ராஸ் ஸ்டூடியோவில் செட்டாகப் போட்டார். கமலுக்கு தேசிய விருது, 2005-ல் டைம் பத்திரிகையின் சிறந்த 100 படங்களில் ஓர் இடம், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நிறையப் பேர் மறந்துவிடுவது, படம் வந்தபோது வரதராஜன் உயிரோடு இருந்தார் என்பதை. அவர் இறந்தபோது படம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

கமல் செய்ததும் அம்ராபுர்கர் செய்ததும் நேரெதிர். கேமரா குடிசைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த பையன், அப்பாவைப் போலீஸுக்குப் பறிகொடுத்தவன், வயசாகி, தோள் சரிந்து, பேரன் முன்னால் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறான். எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு இடம். வேலு நாயக்கருக்கு ஹிந்தி வராது. சேட்டிடம் பேரம் பேச டெல்லி கணேஷ் மொழிபெயர்க்க வேண்டும். பம்பாய்க்கு வந்த முதல் தலைமுறைத் தமிழன் ஒவ்வொருவனும் ரேஷன் ஆபீசிலும் ஸ்டேஷனிலும் நின்ற நிலை அதுதான்.

அடுத்த வருஷமே, 1988-ல், பெரோஸ் கான் இதை ஹிந்தியில் 'தயாவான்' ஆக்கினார். வினோத் கன்னா. ரஜனீஷ் ஆசிரமத்திலிருந்து சினிமாவுக்குத் திரும்பி ரொம்ப நாள் ஆகவில்லை. கம்பீரத்துக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் எல்லோரும் ஹிந்தி பேசும் படத்தில் மொழி தெரியாதவனின் தனிமை எங்கிருந்து வரும்? கதை அப்படியே இருந்தது, வந்தேறியைக் காணோம். வினோத் கன்னா நடித்தது ஏழைகளைக் காக்கும் ஒரு நல்ல தாதாவை. அந்த மாதிரி ஆள் எந்த ஊர்ப் படத்திலும் கிடைப்பான்.

முப்பது வருஷம் தள்ளி, 2018-ல் 'காலா'. பா. ரஞ்சித் இதை வரதாபாய் கதை என்று சொல்லவில்லை. இன்னார் கதை, அன்னார் கதை என்று ஆளாளுக்கு உரிமை கோரினார்கள். ஆனால் தாராவியில் ஒரு திருநெல்வேலித் தலைவர் என்றதும் எங்களுக்கு யார் ஞாபகம் வருவார் சொல்லுங்கள். ரஜினியின் கரிகாலன் கடத்தவில்லை, காய்ச்சவில்லை. நிலத்துக்காகச் சண்டை போடுகிறான். வேட்டியும் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறிவிட்டது. நாயகனில் ஜனம் தலைவனை நம்பி நிற்கும். காலாவில் கடைசியில் ஜனமே தலைவனாகிவிடுகிறது. (மராட்டிக் குடும்பத்தில் பிறந்த ரஜினி தமிழனாக நிற்க, நானா படேகர் எதிரில் நிற்பது தனி வேடிக்கை.) தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022-ல் அதானி குழுமம் வென்ற செய்தி வந்தபோது, அங்கே இருக்கும் என் பள்ளித் தோழன் போனில் முதலில் சொன்ன பெயர் காலாதான்.

விட்டோ கார்லியோனியாக நடித்து மார்லன் பிராண்டோவும் ஆஸ்கர் வாங்கினார், ராபர்ட் டி நீரோவும் வாங்கினார். பேட்மேனின் எதிரி ஜோக்கருக்கும் அப்படியே, ஹீத் லெட்ஜர், வாக்கீன் பீனிக்ஸ். ஒரே ஆளை இரண்டு விதமாகச் செய்து இரண்டுமே சரியாக இருக்கலாம். அதில் எனக்குச் சண்டை இல்லை. நாலு பேரும் சேர்ந்து விட்டுவிட்ட இடம்தான் என்னை உறுத்துகிறது.

அந்த ஆள் வளர்ந்தது சாராயத்தில். நாயகனில் வேலு கடலில் சரக்குக் கடத்துகிறார். கடத்தலில் கவர்ன்மெண்டுக்குத்தான் நஷ்டம், பார்ப்பவனுக்கு உறுத்தாது. சாராயம் அப்படியில்லை. எங்கள் மாட்டுங்கா வீட்டில் பாத்திரம் தேய்க்க தாராவியிலிருந்து ஓர் அக்கா வருவார், திருநெல்வேலிப் பக்கம். ஒரு மழைக்காலத்தில் பத்து நாள் வரவில்லை. வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. வீட்டுக்காரர் குடித்தே செத்துப்போனார். எந்த அடுப்பில் காய்ச்சியது என்று யாருக்குத் தெரியும்? அந்த வருஷமும் பிள்ளையார் பந்தலில் விளக்கு ஜெகஜோதியாக எரிந்தது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் வாயைப் பிளந்து பார்த்தேன்.

அப்படியானால் வில்லன்தானே என்று பெரியவன் கேட்டான். அதுவும் முழுசாகச் சரியில்லை. 1966-ல் சிவசேனா தொடங்கிய பிறகு தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய கோபத்தில் உடுப்பி ஹோட்டல்கள் அடி வாங்கின. அப்பா வேட்டியோடு வெளியே போவதை நிறுத்தியது அப்போதுதான். ஷண்முகானந்தா ஹாலில் கச்சேரி கேட்கும் மாட்டுங்காக்காரர்களும் தாராவியில் தோல் பதனிடுகிறவர்களும் ஒரு வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. ஆனால் அடிக்க வந்தவனுக்கு இருவருமே மதராசிதான்.

அப்பாவிடம் ஒருமுறை நேராகவே கேட்டேன். செம்பூருக்குக் குடி மாறி வெகுநாள் கழித்து, டிவியில் நாயகன் ஓடிக்கொண்டிருந்தது. "அந்த ஆள் நிஜத்துல எப்படிப்பா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "அவனை நெனச்சா பயமா இருக்கும்டா. அவன் இருக்கான்னு நெனச்சா தைரியமாவும் இருக்கும். ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்தது. வெளியில சொல்லிக்க வெக்கம்."

அம்ராபுர்கர் அந்தப் பயத்தை நடித்தார். கமல் தைரியத்தை நடித்தார். அப்பா சொன்ன வெட்கத்தை இதுவரை யாரும் நடிக்கவில்லை. அது வரதாபாயின் பாத்திரமே இல்லை, எங்களுடையது. பந்தலில் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுடையது.

பிள்ளைகளுக்கு இந்த வாரம் நாயகன் போட்டுக் காட்டப் போகிறேன். படம் முடிந்ததும் அந்த அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.