மீன்தொட்டிக்குக் கீழே ஒரு சம்ப்: 150 வருடக் கதை

சம்ப் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வீட்டு வாசலில் இரும்பு மூடி போட்டுத் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான். லாரித் தண்ணீரோ கார்ப்பரேஷன் தண்ணீரோ அதில் விழும். மோட்டார் போட்டால் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறும். பெரிய மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். மேலே மீன் நீந்தும் கண்ணாடித் தொட்டி, கீழே ஸ்டாண்டுக்குள் மறைவாக இன்னொரு தொட்டி. மேல்தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, சுத்தமாகி, மோட்டார் மூலம் மறுபடி மேலே போகிறது.

கொளத்தூர் மீன் கடைகளில் நாலடித் தொட்டி விலை கேட்டால் இதைப் பற்றியும் பேச்சு வரும். ரெடிமேடாக வாங்கலாம், கண்ணாடி வெட்டி சிலிகான் வைத்து நாமே ஒட்டவும் செய்யலாம். புது கண்டுபிடிப்பு போலத் தோன்றும் இந்தச் சம்ப்புக்கு 150 வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால் சம்ப்பில் எந்த அறை எதற்கு என்பதும் தானாகப் புரிந்துவிடும். முதலில் கதை, பிறகு அளவு கணக்கு.

வேலைக்காரப் பெண்தான் முதல் மோட்டார்

1846-ல் ஆன் தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து பவளப் பூச்சிகளை லண்டனுக்குக் கொண்டு வந்தார். கடலோ தூரம், தினமும் புதுக் கடல்நீருக்கு வழியில்லை. இருந்த தண்ணீரையே திறந்த ஜன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்ற வைத்தார். நாம் டீயை ஆற்றுவதுபோலத்தான்! காற்று கலந்து தண்ணீர் உயிர் பெற்றது. ஊற்றி ஆற்றியது அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. பிறகு கடல்பாசிகளையும் சேர்த்து, பல மாதங்கள் அந்த உயிர்களைக் காப்பாற்றினார் ஆன் தின்.

1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார். கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன், கொஞ்சம் வாலிஸ்னேரியா செடி, நத்தைகள். செடி மீனுக்கு ஆக்சிஜன் தரும், நத்தை அழுகிய இலையைத் தின்னும், வரவும் செலவும் சரியாகிவிடும் என்பது அவர் கருத்து. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845-லேயே ரத்தாகியிருந்தது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சியகம் திறந்தார்கள், மறு வருடம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய மீன்தொட்டி பற்றிய புத்தகம் வந்தது. இங்கிலாந்து முழுக்க மீன்தொட்டிப் பைத்தியம் பிடித்தது.

ஆனால் வாரிங்டனின் வரவு செலவுக் கணக்கு சின்னத் தொட்டிக்கும் ஒன்றிரண்டு மீனுக்கும்தான் சரிப்பட்டது. காசு கொடுத்துப் பார்க்க வருபவர்களுக்கு ஒன்றிரண்டு மீன் போதுமா? மீன் கூடக் கூடச் செலவு மேலே போனது, செடி தரும் வரவு அங்கேயே நின்றது.

கடை நொடித்தவர் கண்ட வழி

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறார். பெயர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்ல, லண்டனில் மீன்தொட்டியும் கடல் உயிர்களும் விற்ற கடைக்காரர். மீன்தொட்டி மோகம் தணிந்தபோது, 1860-களின் தொடக்கத்தில், அவர் கடை நொடித்தது. பிறகு ஜெர்மனிக்குப் போய், ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலையில் 1864-ல் திறந்த மீன் காட்சியகத்தை உருவாக்கினார்.

லாய்டின் யோசனை எளிமையானது. மக்கள் பார்க்கும் தொட்டிகளில் இருப்பது மொத்தத் தண்ணீரில் ஒரு சிறு பகுதியாக இருக்கட்டும். அதைப் போலப் பல மடங்கு தண்ணீர், கட்டடத்துக்கு அடியில் இருட்டான பெரிய தொட்டியில் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே இரவு பகல் ஓயாமல் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கட்டும்.

லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871-ல் திறந்த காட்சியகத்தில் இதை இன்னும் பெரிதாகச் செய்தார். அடியில் இருந்த தேக்கத்திலிருந்து கடல்நீரை நீராவி எந்திரம் மேலே ஏற்றியது. உப்புநீரில் உலோகம் அரித்து, கரைந்து, உயிர்களைக் கொல்லும். எனவே தண்ணீர் படும் பாகங்களைக் கெட்டி ரப்பரில் செய்தார்கள். இன்று நாம் பிவிசி பைப் போடுகிறோம், இரும்பு பைப் போடுவதில்லை. காரணம் அதேதான்.

நான் காமர்ஸ் மாணவன், அதனால் இதை என் பாடத்தின் மொழியிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியிடம் நல்ல ரிசர்வ் இருந்தால் ஒரு மாத நஷ்டம் அதை அசைக்காது. ரிசர்வ் இல்லாத கம்பெனி ஒரு செக் திரும்பினால் கவிழ்ந்துவிடும். லாய்டின் கீழ்த்தொட்டி தண்ணீருக்கான ரிசர்வ். மேலே ஒரு மீன் செத்து அழுகினாலும் அதன் விஷம் பல மடங்கு தண்ணீரில் கலந்து நீர்த்துப் போகும். வெயில் ஏறினாலும் அடியில் இருக்கும் தண்ணீர் சட்டென்று சூடாகாது. வெளிச்சம் படாததால் பாசியும் பிடிக்காது. கடை நொடித்த மனிதர் ரிசர்வின் அருமையைக் கண்டுகொண்டதில் ஆச்சரியம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது!

பிறகு ஆன்டன் டோர்ன் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கடல் ஆய்வு நிலையம் கட்டியபோது, 1874-ல் திறந்த அதன் காட்சியகத்துக்கும் லாய்டின் ஆலோசனை பயன்பட்டது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் 1876-ல் திறந்த ராயல் அக்வேரியம் கதை வேறு. அடியில் தேக்கம் எல்லாம் இருந்தது, தொட்டியில்தான் மீன் இல்லை என்று ஊரே கேலி செய்தது. கடைசியில் அது பாட்டுக் கச்சேரியும் வேடிக்கையும் நடக்கும் கொட்டகையாகி, 1903-ல் மூடப்பட்டது. சம்ப் நன்றாக இருந்தால் மட்டும் வியாபாரம் நடந்துவிடாது போலும்.

சாக்கடை சொல்லித் தந்த பாடம்

தண்ணீரைச் சுற்றவிட்டால் சுத்தமாகிறது என்பதை லாய்ட் கண்ணால் பார்த்தார். காரணம் காற்றிலுள்ள ஆக்சிஜன் என்று நினைத்தார். பாதி உண்மை. மீதிப் பாதி தெரியவந்தது சாக்கடைத் தண்ணீரில்.

1877-ல் ஷ்லோசிங், ம்யூன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீளமான குழாயில் சாக்கடைத் தண்ணீரை மெதுவாக இறங்கவிட்டார்கள். சுமார் 20 நாள் ஒரு மாற்றமும் இல்லை. அதன் பிறகு, உள்ளே போன அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளியே வரத் தொடங்கியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றுவிட்டது. வெறும் வேதியியல் மாற்றமாக இருந்தால் குளோரோபார்ம் அதை நிறுத்தாது. ஆகவே வேலை செய்வது ஏதோ ஓர் உயிர் என்று முடிவு செய்தார்கள். 1890-ல் வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைத் தனியே பிரித்துக் காட்டினார்.

அந்த 20 நாளைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். புதுத் தொட்டி வாங்கி, அன்றே பத்து மீனை விட்டு, இரண்டாவது வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாவதைப் பார்த்து "நமக்கு மீன் ராசியில்லை" என்று விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர்! ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்குக் கொடிய விஷம். மூன்றாவது அளவு மீறாதவரை அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். 1877-ல் அந்தக் குழாய் காத்திருந்ததுபோல நாமும் காத்திருக்கத்தான் வேண்டும்.

1890-களில் இந்த அறிவு கழிவுநீர் நிலையங்களுக்கு வந்தது. சரளைக் கற்களைக் குவித்து, அவற்றின் மேல் கழிவுநீரைத் தூறலாகத் தெளித்தார்கள். கல் நனைந்தே இருக்கும், ஆனால் மூழ்காது. எனவே பாக்டீரியாவுக்குத் தண்ணீரும் காற்றும் ஒருசேரக் கிடைத்தன.

இரண்டும் சேர்ந்த இடம்

லாய்டின் கீழ்த்தொட்டி, கழிவுநீர் நிலையத்தின் தூறல் கற்கள் இரண்டும் வீட்டு மீன்தொட்டியில் சேர்ந்து பிரபலமாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1986-ல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் தொடர் எழுதினார். கண்ணாடித் தொட்டிக்குக் கீழே ஒரு பெட்டி, அதில் தண்ணீர் தூறி விழும் அறை, அதற்கடுத்து மோட்டார். ஐரோப்பாவில் பழக்கத்தில் இருந்த இந்த முறை அமெரிக்காவில் தீயாகப் பரவியது. கல்லுக்குப் பதில் பயோபால் என்ற முள்முள்ளான பிளாஸ்டிக் உருண்டைகள் வந்தன.

சில வருடங்களில் பவளம் வளர்ப்பவர்கள் அந்த உருண்டைகளைக் கைவிட்டார்கள், அவை நைட்ரேட்டை உற்பத்தி செய்து குவிக்கின்றன என்று. பவளப் பாறைத் துண்டுகளையும் நுரைபிரிக்கும் கருவியையும் நம்பினார்கள். உருண்டை போனது, சம்ப் போகவில்லை. லாய்டின் ரிசர்வ் யோசனைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

இனி நம் கணக்கு

120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள நன்னீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை நிரப்பினால் 432 லிட்டர். கீழே 90 x 40 x 40 செ.மீ. சம்ப், மொத்தக் கொள்ளளவு 144 லிட்டர். லாய்டைப் போலப் பல மடங்கு வைக்க ஸ்டாண்டுக்குள் இடமில்லை. நாம் வைப்பது சின்ன ரிசர்வ்தான், எனவே மீன் எண்ணிக்கையையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சம்ப்பைக் கண்ணாடித் தடுப்புகளால் மூன்று அறையாகப் பிரிக்கலாம். முதல் அறையில் ஸ்பாஞ்ச். கண்ணுக்குத் தெரியும் குப்பை இங்கேயே நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த அறை அடைத்துக்கொள்ளும். நடு அறையில் பாக்டீரியா குடியிருக்கும் பீங்கான் வளையங்கள் அல்லது எரிமலைக் கல். மூன்றாவதில் மோட்டார்.

முக்கியமான கேள்வி கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. நம் ஊரில் இதைக் கேட்காமல் சம்ப் கட்டக் கூடாது. மோட்டார் நின்றதும், மேல்தொட்டியில் வழியும் விளிம்புக்கு மேலே நிற்கும் தண்ணீர் எல்லாம் கீழே வரும். அது 2.5 செ.மீ. என்றால் 120 x 60 x 2.5, அதாவது 18 லிட்டர். சம்ப்பில் ஓடும்போது தண்ணீர் 25 செ.மீ. உயரம் நின்றால் மேலே 15 செ.மீ. காலி, அதாவது 54 லிட்டருக்கு இடம். கவலையில்லை.

ஆனால் மோட்டாரிலிருந்து மேலே போகும் பைப்பின் வாய், தண்ணீர் மட்டத்திலிருந்து 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால்? அதன் வழியாகத் தண்ணீர் தலைகீழாக இறங்க ஆரம்பிக்கும். வாய் வெளியே தெரியும்வரை நிற்காது. 120 x 60 x 10 என்றால் 72 லிட்டர். இருப்பது 54-க்கு இடம். மீதி 18 லிட்டர் ஹாலில் ஓடும். இதற்கு மருந்து, அந்தப் பைப்பில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். ஓட்டையில் பாசி அடைக்காமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. கீழே இறங்கும் குழாயை ஓர் இலை அடைத்துவிட்டால், மோட்டார் தன் அறையில் உள்ளதையெல்லாம் மேலே ஏற்றிவிடும். மோட்டார் அறை 30 x 40, அதில் 25 செ.மீ. தண்ணீர் என்றால் 30 லிட்டர். மேல்தொட்டியில் 5 செ.மீ. காலியாக இருந்தால் 36 லிட்டர் பிடிக்கும். வழியாது. இந்த இரண்டு கணக்கும் சரியாக வந்த பிறகே கண்ணாடி வெட்டச் சொல்லுங்கள்.

கட்டிய பிறகு ஒரு விஷயம். நடு அறைக் கற்கள் அழுக்காக இருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவாதீர்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் குளோரின், 1877-ல் குளோரோபார்ம் செய்த வேலையைச் செய்துவிடும். தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும்.

அழுக்கு என்று நினைத்த இடத்தில்

கதை இத்துடன் முடியவில்லை. அம்மோனியாவை மாற்றும் உயிர் எது என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லி வந்தது முழுமையானதல்ல என்று நிரூபித்ததும் மீன்தொட்டிதான். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது புத்தகம் சொன்ன நைட்ரோபேக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2005-ல் அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத் தொட்டிச் சரளையிலிருந்து, பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா என்ற வேறொரு இனம் அம்மோனியாவை மாற்றுவதைக் கண்டார்கள். இதே இனத்தின் உறவுகள் உலகக் கடல்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன. 2015-ல், அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு வேலையையும் ஒரே உயிர் செய்ய முடியும் என்று இரண்டு குழுக்கள் அறிவித்தன. அதில் நெதர்லாந்துக் குழுவுக்கு அந்த உயிர் கிடைத்த இடம் மீன் வளர்ப்பு நிலையம் ஒன்றின் தூறல் வடிகட்டி! வினோகிராட்ஸ்கிக்குப் பிறகு 125 வருடம், ஒருவர் பாதி மற்றவர் மீதி என்றே எல்லோரும் நம்பி வந்தார்கள்.

நாம் ஒட்டும் நாலு கண்ணாடித் தடுப்பு தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை. செய்பவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள். அவர்களுக்கு வீடு கட்டி, காற்றும் ஓட்டமும் கொடுத்து, குடிவரச் சில வாரம் பொறுத்திருப்பது மட்டும்தான் நம் வேலை. அந்தச் சில வாரம் பொறுத்தவர் தொட்டியில் மீன் சாவது மிகக் குறைவு.