பல நாட்டார் ஒரு பந்தியில்

கடல் கடந்து கல்வி பயிலச் செல்வோரை வழியனுப்பும்போது மாலைகளுக்குப் பஞ்சமில்லை. எந்தப் பல்கலைக் கழகம், எத்தனை ஆண்டு, என்ன பட்டம், யார் தந்த உதவித் தொகை என்றெல்லாம் கேட்கிறோம். அங்கே யாரோடு அமர்ந்து உண்பாய், எந்த வீட்டுக் கதவு உனக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்பதில்லை. ஆனால், பல நாட்டு மாணவர்கள் ஒரே வளாகத்தில் கூடிய வரலாற்றைப் புரட்டினால், வகுப்பறையைக் காட்டிலும் உணவறையும் உறங்கும் அறையுமே போர்க்களங்களாக இருந்திருக்கக் காண்கிறோம். பாடம் சொல்லித்தர மறுத்தவர்கள் சிலர். பக்கத்திலே படுக்க இடம் தர மறுத்தவர்களோ பலர்! அமெரிக்கப் பல்கலைக் கழகங்களிலே அந்தப் போர் நடந்த விதத்தை நாம் அறிந்து கொள்வது நல்லது. அதிலே நம் நாட்டுப் பெயர்களும் உண்டு. பெருமைக்கு ஒன்று, வெட்கத்துக்கு ஒன்று.

1909-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரில், கொலம்பியாப் பல்கலைக் கழக நூலகத்தின் படிக்கட்டு. ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் பணியாற்றிய ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர், எதிரே வந்த சீன மாணவர் ஒருவருக்குக் காலை வணக்கம் கூறிவிட்டு நடந்தார். சில அடிகள் சென்ற மாணவர் திரும்பி வந்தார். நியூயார்க்குக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, என்னிடம் பேசிய முதல் மனிதர் நீங்கள்தான் என்றார். மக்கள் வெள்ளம் புரளும் மாநகர், அறிவுக் கோட்டம், அங்கே மூன்று வாரம் ஒருவனுக்கு மனிதக் குரல் கிடைக்கவில்லை! எட்மண்ட்சும் அவர் துணைவியார் புளோரன்சும் வெளிநாட்டு மாணவர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்து, ஞாயிறுதோறும் மாலை உணவு பரிமாறத் தொடங்கினர்.

அந்தச் சீன மாணவர் எத்தகைய நாட்டிலே வந்து இறங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். சீனத் தொழிலாளர் நுழையக் கூடாது என்று 1882-லேயே சட்டம் செய்த நாடு அது. மாணவருக்கு மட்டும் விலக்கு. 1909-ல் தொடங்கிப் பல சீன மாணவர்களுக்கு உதவித் தொகையும் வந்தது. அதைக் கொடை என்று புகழ்ந்தவர் உண்டு. 'பாக்சர்' கிளர்ச்சிக்குப் பிறகு சீனத்திடமிருந்து தண்டமாகக் கறந்த தொகையில், அளவுக்கு மிஞ்சி வாங்கியதைத்தான் அமெரிக்கா இவ்வாறு திருப்பித் தந்தது. பறித்தவன் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் அவனை வள்ளல் என்பது உலக வழக்கம் போலும்!

ஆயினும், அந்தப் பணத்தில் விளைந்த பயிர் சிறியதன்று. 1910-ல் வந்த இரண்டாம் அணியிலே எழுபது பேர். அவர்களில் ஒருவர் ஹூ ஷி. கார்னெல் பல்கலைக் கழகத்திலே 1904 முதல் காஸ்மாபாலிட்டன் கிளப் என்றொரு மாணவர் அமைப்பு இருந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் இத்தகைய சங்கம் கண்டனர். 1907-ல் இவை அனைத்தும் ஒரு கூட்டமைப்பாயின. எல்லா நாடுகளுக்கும் மேலானது மனித இனம் என்பது இவர்கள் கொள்கை. கார்னெல் சங்கத்தின் தலைவராகவே ஹூ ஷி விளங்கினார். பண்டிதர் மட்டும் படித்து மகிழ்ந்த பழைய சீன நடையை விட்டு, பேசும் மொழியிலே கவிதையும் எழுதலாம் என்ற எண்ணத்தை, அந்நிய மண்ணிலேதான் தம் நாட்டு நண்பர்களோடு கடுமையாக வாதாடி உருவாக்கினார் அவர். 1917 சனவரியில் அந்தக் கருத்து சீனத்தின் 'புதிய இளைஞர்' இதழில் கட்டுரையாக வந்தது. ஒரு நாட்டின் எழுத்து நடையே அதன்பின் மாறிற்று. ஹூ ஷியின் ஆசான் ஜான் டூவி 1919-ல் சீனம் சென்று ஈராண்டுக்கு மேல் தங்கிச் சொற்பொழிவாற்றினார். சென்றது மாணவன், வந்தது ஆசான்!

அதே டூவியிடம் அதே கொலம்பியாவிலே பயின்ற இன்னொருவரை நாம் நன்கு அறிவோம். பரோடா மன்னர் தந்த உதவித் தொகையோடு, அண்ணல் அம்பேத்கர் 1913-ல் நியூயார்க் சேர்ந்தார். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டுக்கு. முதலில் ஹார்ட்லி மண்டபம், பிறகு காஸ்மாபாலிட்டன் கிளப், அதன்பின் லிவிங்ஸ்டன் மண்டபம். அங்கே அவருடைய அறைத் தோழர் நவல் பாத்தேனா என்னும் பார்சி இளைஞர். இருவரும் வாழ்நாள் முழுதும் நண்பராயிருந்தனர். 1916 மே 9-ஆம் நாள், கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கிலே அம்பேத்கர் தம் கட்டுரையைப் படித்தார். சாதியின் உயிர்நிலை அகமணமே என்று அதிலே நாட்டினார். பிறந்த நாட்டிலே பள்ளிக்கூடத்துத் தண்ணீரைத் தொட முடியாதிருந்தவர், பன்னாட்டு மாணவரிடையே நிமிர்ந்து நின்று, தம்மை ஒதுக்கிய ஏற்பாட்டையே அறுவை மேசையில் கிடத்தினார். வாழ்க்கையிலே தமக்கு வாய்த்த சிறந்த நண்பர்களில் கொலம்பியாத் தோழர்களும் டூவி, செலிக்மன் போன்ற ஆசான்களும் உண்டு என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

1917-ல் அவர் பரோடாவுக்குத் திரும்பினார். ஒப்பந்தப்படி மன்னர் அரசிலே பணியாற்ற வேண்டும். அயல்நாட்டு வாழ்வு, தாம் தீண்டப்படாதவர் என்ற நினைப்பையே துடைத்திருந்தது என்று எழுதுகிறார்; நிலையத்தில் இறங்கியதும் நினைப்பு திரும்பிற்று. எங்கே தங்குவது? இந்து விடுதியில் இடமில்லை. பார்சி விடுதி ஒன்றிலே, பார்சிப் பெயர் வைத்துக் கொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை, தடிகளோடு பார்சிகள் பன்னிருவர் மாடியேறி வந்து, மாலைக்குள் காலி செய் என்றனர். நியூயார்க்கிலே பார்சி அறைத் தோழர். பரோடாவிலே பார்சி தடியோடு! மதம் ஒன்றுதான். இடையிலே இருந்தது இந்நாட்டுக் காற்று. நண்பர் இருவரை நாடினார், ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரும் சாக்குச் சொன்னார்கள். பொருளாதாரம் கற்ற அந்த அறிஞர் காமாதி பாக் பூங்காவில் அமர்ந்து, இரவு வண்டிக்காகக் காத்திருந்தார்.

இந்த நோயைக் கப்பலிலேற்றிச் சென்றவரும் உண்டு. உயர்கல்வி வேண்டி 1913-ல் அமெரிக்கா சென்ற பகத்சிங் திந்த் என்னும் பஞ்சாபியர், அந்நாட்டுப் படையிலும் பணியாற்றியவர், குடியுரிமை கேட்டார். வெள்ளையருக்கே அது உரியது என்றது சட்டம். அவர் தரப்பு என்ன வாதாடிற்று? அவர் உயர்சாதி இந்து, ஆரிய இனம், ஆகவே வெள்ளையர்; கீழோர் எனப்படுவோருடன் மண உறவு கொள்ளாது இரத்தத் தூய்மை காத்தவர் என்று! சாதியை மறுக்கும் சீக்கிய நெறியிலே பிறந்தவருக்காக இந்த வாதம்! திறந்திருந்தது அந்த ஒரு வாயில்தான் என்று அவருக்காக இரங்கலாம். வாதத்துக்காக இரங்க முடியவில்லை. 1923-ல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிற்று. உயர்சாதிச் சீட்டு வெள்ளையன் கடையிலே செல்லுபடியாகவில்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டி, முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

எட்மண்ட்சின் ஞாயிற்றுக்கிழமை விருந்து இதற்குள் மாளிகையாக வளர்ந்துவிட்டது. ராக்பெல்லர் குடும்பப் பணம் சேர, 1924-ல் நியூயார்க்கிலே 'இன்டர்நேஷனல் ஹவுஸ்' எழுந்தது. அடுத்து அவர் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரை நோக்கினார். ராக்பெல்லர் தந்தது பதினெட்டு இலட்சம் டாலர். ஆசிய நாட்டு மாணவர் மிகுதியாக வந்த கரை அது. ஆசியரை வெறுத்தவரும் மிகுதியாக வாழ்ந்த கரை. அவர் தேர்ந்தெடுத்த இடமோ பீட்மாண்ட் அவென்யூ. வெள்ளை மாணவர் தமக்கென்றே நடத்தி, அயல்நாட்டாரையும் நிறத்தவரையும் அண்டவிடாத விடுதிகள் வரிசையாக நின்ற தெரு! ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறத்தில் கட்டியிருந்தால் யாரும் முணுமுணுத்திருக்க மாட்டார்கள். அக்கிரகாரத்தின் நடுவே சமபந்தி மண்டபம் கட்டுவது போன்ற செயல் இது. குறுகிய நெஞ்சினரின் மூக்கிலே நேராகக் குத்த வேண்டும் என்றே அவ்விடத்தைத் தெரிந்தெடுத்ததாக எட்மண்ட்சே சொன்னார்.

குத்து வலித்தது. வீட்டுச் சொந்தக்காரர்கள் கொதித்தனர். கறுப்பரும் ஆசியரும் ஊரை நிறைத்து விடுவார்கள் என்றனர். ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் தங்குவதா என்றனர். எண்ணூற்றுக்கு மேற்பட்டோர் கூடி எதிர்ப்புக் கூட்டம் நடத்தினர். அந்தக் கூட்டத்திலே எழுந்து நின்றார் ஒரு கறுப்பினப் பெண்மணி. 'ஓக்லண்டு டிரிப்யூன்' ஏட்டிலே தம் இன மக்களைப் பற்றி எழுதி வந்த டெலைலா பீஸ்லி. கலிபோர்னியாக் கறுப்பின மக்களின் வரலாற்றை 1919-லேயே நூலாக்கித் தந்தவர். சினந்து நின்ற கூட்டம் திகைத்துப் பார்த்திருக்க, அந்த இல்லம் வேண்டும் என்று அவர் வாதாடினார். கட்டடத்துக்குப் பணம் தந்தவர் பெயரை எல்லோரும் அறிவர். அந்த அவையிலே தனியாக நின்றவர் பெயரை அறிந்தோர் குறைவு. நாம் அவரைத்தான் முதலில் வைப்போம். 1930 ஆகஸ்டு 18-ஆம் நாள் கதவுகள் திறந்தன. அமெரிக்கரும் அயல்நாட்டாரும், ஆணும் பெண்ணும், வெள்ளையரும் மற்றவரும் ஒரே மண்டபத்தில் உண்டனர்.

பன்னிரண்டே ஆண்டுகள். 1942 பிப்ரவரியிலே குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் இட்ட ஓர் ஆணையின் பேரில், மேற்குக் கரையிலே வாழ்ந்த சப்பானிய வழியினர், அமெரிக்காவிலேயே பிறந்தவர் உட்பட, முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெர்க்லி மாணவர்களும் படிப்பைப் பாதியில் விட்டு மூட்டை கட்டினர். 2009-ல் கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் அவர்களுக்குச் சிறப்புப் பட்டம் அளிக்க முடிவு செய்தது. உயிரோடிருந்தவர்கள் தள்ளாத வயதிலே வந்து வாங்கினர். மற்றவர்களுக்காக அவர்களுடைய பிள்ளைகள் வந்தனர்.