டமஸ்கஸ் பள்ளிவாசலின் பச்சை எங்கிருந்து வந்தது?

கலீபா வலீத் பின் அப்துல் மலிக் (705–715) கட்டிய டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலைப் படங்களில் பார்த்திருப்போம். சுவரெல்லாம் ஆறு, மரங்கள், மாளிகைகள். மனித உருவம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கண்ணாடிச் சில்லுகள்.

அவற்றை ரோமச் சக்கரவர்த்தி அன்பளிப்பாக அனுப்பினார் என்று கேட்டே வளர்ந்தோம். நமது அல்-முகத்தஸீயே 10ஆம் நூற்றாண்டில் அப்படி எழுதியிருக்கிறார். இரவல் கலை என்று சிலர் ஏளனமாகப் பேசவும் அது வசதியாகிவிட்டது.

இப்போது சில்லுகளையே சோதித்திருக்கிறார்கள். லேசர் கதிரால் கண்ணுக்குத் தெரியாத அளவு துகள் எடுத்து, அதிலுள்ள மூலகங்களை அளக்கிறார்கள். பச்சைக்குச் செம்புடன் ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த மஞ்சள், கடும் நீலத்துக்குக் கோபால்ட். ஆனால் ஊரைக் காட்டிக்கொடுப்பது நிறமல்ல, கண்ணாடி உருக்கிய மணல். எகிப்து மணலில் டைட்டேனியம் அதிகம், பலஸ்தீனக் கரையோர மணலில் குறைவு. பார்த்தால், பெரும்பாலான சில்லுகள் எகிப்துக் கண்ணாடி! அதுவும் பழைய கட்டடங்களில் பெயர்த்ததல்ல, ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே உருக்கியது. சக்கரவர்த்தியும் கொஞ்சம் அனுப்பியிருக்கலாம். சுவரை நிரப்பியது அதுவல்ல.

எகிப்தின் ஆளுநர் குர்ரா பின் ஷரீக், டமஸ்கஸ் பள்ளிவாசல் வேலைக்கு ஆட்கள் கேட்டு எழுதிய கடிதங்களும் பப்பிரஸ் தாள்களில் இன்றும் இருக்கின்றன.

ஒன்றையும் மறைக்காமல் சொல்வோம். அன்றைய எகிப்தில் பெரும்பான்மையோர் கிப்திக் கிறிஸ்தவர்கள். அந்தக் கண்ணாடியை உருக்கிய கைகளில் பல அவர்களுடையதாகத்தான் இருந்திருக்கும். அவர்களும் கலீபாவின் குடிமக்கள்தானே.