வராத வாக்குகளின் கணக்கு: மால்டாவும் இரண்டு ஒன்றியங்களும்

மத்தியதரைக் கடலில் 316 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மால்டா, 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடானது. இந்த வரலாற்றை 1990ஆம் ஆண்டு விண்ணப்பத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அப்படித் தொடங்கினால் பாதிதான் விளங்கும். பெரிய அரசியல் அமைப்பொன்றில் சேர்வதா என்று அந்தத் தீவு அதற்கு முன்பே ஒருமுறை வாக்களித்திருந்தது.

1956 பிப்ரவரியில் நடந்த அந்த வாக்கெடுப்பு, பிரிட்டனோடு இணைவது பற்றியது. முன்மொழிந்தவர் தொழிற்கட்சிப் பிரதமர் டாம் மிண்டாஃப். வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் மூன்று இடங்கள் கிடைக்கும் என்பது திட்டம். ஆனால் பிரிட்டிஷ் தொழிலாளிக்கு நிகரான வாழ்க்கைத் தரம் வரும் என்ற எதிர்பார்ப்புதான், கடற்படைக் கப்பல்துறையை நம்பிப் பிழைத்த மக்களை ஈர்த்தது. பேராயர் மைக்கேல் கொன்சி கத்தோலிக்கத் திருச்சபையின் உரிமைகளுக்கு உத்தரவாதம் கேட்டார். தேசியக் கட்சி வாக்கெடுப்பைப் புறக்கணித்தது. வாக்களித்தவர்களில் 77 விழுக்காட்டினர் இணைப்பை ஆதரித்தார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்களே 59 விழுக்காட்டினர்தான். மொத்த வாக்காளர்களில் ஆதரவு பாதியை எட்டவில்லை என்ற வாதம் வலுத்தது. பொருளாதாரச் சமநிலை பற்றிய பேச்சும் முறிந்து, 1958இல் மிண்டாஃப் பதவி விலகினார். 1964இல் மால்டா விடுதலை பெற்றது.

பின்னர் கட்சிகளின் நிலை தலைகீழானது. ஐரோப்பாவோடு 1970இல் கூட்டிணைவு ஒப்பந்தம் செய்த தேசியக் கட்சியே, 1990 ஜூலையில் முழு உறுப்புரிமைக்கும் விண்ணப்பித்தது. 1996இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியின் ஆல்ஃபிரட் சாண்ட் அதைக் கிடப்பில் போட்டார். அவருக்கு நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு இடம்தான் கூடுதல். பிர்கு நகர்த் துறையில் படகுத்துறை அமைக்கும் திட்டத்தில் மாறுபட்டு, 1998 ஜூலையில் சொந்தக் கட்சி அரசுக்கு எதிராக வாக்களித்தார் மூத்த உறுப்பினர் ஒருவர். அவர் அதே மிண்டாஃப். ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்த்துவந்த அவரது ஒற்றை வாக்கு அரசைக் கவிழ்த்தது; செப்டம்பர் தேர்தலில் வென்ற எடி ஃபெனெக் அடாமி விண்ணப்பத்துக்கு உயிர் கொடுத்தார். ஐரோப்பாவைப் பற்றியே அல்லாத ஒரு சச்சரவு, ஐரோப்பியப் பாதையைத் திறந்துவிட்டது. சிறிய நாடுகளின் வரலாற்றில் தனிமனிதரின் எடை எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

பேச்சுவார்த்தையில் தீவினரின் பெரிய அச்சம் நிலம். வசதியுள்ள வெளிநாட்டவர் வந்து வீடுகளை வாங்கினால் உள்ளூர் இளைஞருக்கு என்ன மிஞ்சும்? வீடு கட்டத்தக்க நிலம் மிகக் குறைவு என்பதைக் காரணம் காட்டி, சேர்க்கை உடன்படிக்கையில் மால்டா ஒரு நெறிமுறையைப் பெற்றது. குறைந்தது ஐந்தாண்டு அங்கே வசிக்காத பிற உறுப்பு நாட்டினர், இரண்டாவது வீடு வாங்கக் கட்டுப்பாடு தொடரலாம். இதற்குக் காலவரம்பு இல்லை. இத்தனை சிறிய நாடு பெற்ற இந்த விலக்கு சாதாரணமானதன்று.

2003 மார்ச் 8 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 91 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள், 53.65 விழுக்காடு ஆதரவு. அன்றும் பழைய கணக்கே திரும்பியது. எதிர்ப்பு வாக்குகள், செல்லாதவை, வராதவை எல்லாவற்றையும் கூட்டி, ஆதரவு மொத்த வாக்காளர்களில் 48 விழுக்காடுதான் என்று வெற்றியைத் தன்பக்கம் அறிவித்தார் சாண்ட். 1956இல் தொழிற்கட்சியின் திட்டத்தை முடக்கிய வாதம் இப்போது அக்கட்சியின் ஆயுதம். முடிவு செய்தது ஏப்ரல் 12 பொதுத்தேர்தல்: தேசியக் கட்சிக்கு 65இல் 35 இடங்கள். நான்கு நாள் கழித்து ஏதென்ஸில் ஃபெனெக் அடாமி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்.

மக்கள் தீர்ப்பைத் தொழிற்கட்சி ஏற்றுக்கொண்டது இந்த வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம். 2004 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஐந்து மால்டா இடங்களில் மூன்றை அக்கட்சி வென்றது. வென்றவர்களில் ஒருவர், வாக்கெடுப்பில் உறுப்புரிமையை எதிர்த்த ஜோசப் மஸ்கட். 2008 ஜனவரியில் லிரா போய் யூரோ வந்தது. 2017இன் முதல் ஆறு மாதங்களில் ஒன்றிய அமைச்சர் குழுவுக்கு மால்டா தலைமை வகித்தபோது, நாட்டின் பிரதமர் மஸ்கட்தான்.