உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்

‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வாசற்படி இறங்கும் பிள்ளையை நம் வீட்டுத் தாய்மார்கள் இலேசில் விடமாட்டார்கள். ‘போய் வருகிறேன் என்று சொல்லடா!’ என்று திருத்திய பிறகே விடுவார்கள். ஓசூரில் இந்தத் திருத்தம் மூன்று பாஷைகளில் நடக்கும். தமிழர் ‘போய் வருகிறேன்’ என்பார். கன்னடக்காரர் ‘ஹோகி பர்த்தீனி’ என்பார். தெலுங்கர் ‘போயி வஸ்தானு’ என்பார். பொருள் ஒன்றுதான்.

அங்கே தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவனுக்குச் சகாக்கள் இத்தாலியில். முகம் பார்ப்பதெல்லாம் கணினித் திரையில்தான். இங்கே மாலை ஆறு மணி அடிக்கும்போது அங்கே, கோடைகாலமானால், பிற்பகல் இரண்டரை. ஆகவே விடைபெறும் இவன், ‘புவோன் லவோரோ’ – வேலை நன்றாக நடக்கட்டும் – என்கிறான். அவர்கள், ‘புவோனா செராத்தா’ – மாலைப் பொழுது இனிதாகட்டும் – என்கிறார்கள்.

“கடைசியில் ‘ச்சாவ்’ என்று ஒன்று சொல்லுகிறார்கள், சித்தப்பா! விளக்கு வைக்கிற நேரத்தில் சொல்லக்கூடிய வார்த்தையா அது?” என்றான் என்னிடம்.

அந்த வார்த்தையின் கதை அவன் பயந்ததைக் காட்டிலும் பொல்லாதது. மார்க்கோ போலோ பிறந்த வெனிஸ் நகரத்துப் பேச்சில் ‘ஸ்ச்சாவோ’ என்றால் அடிமை. ‘தங்கள் அடிமை’ என்று பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட மரியாதை தேய்ந்து தேய்ந்து ‘ச்சாவ்’ ஆயிற்று. அந்தச் சொல்லுக்கும் மூலம் ‘ஸ்லாவ்’ என்ற ஓர் இனத்தின் பெயர். சிறைப்பிடித்து விற்கப்பட்டவர்களில் அவ்வளவு பேர் அந்த இனத்தவர்! மத்திய காலத்தில் வெனிஸ் வியாபாரிகள் அடிமைகளை வாங்கி விற்றுப் பணம் பண்ணினார்கள். விற்கப்பட்டவன் யாருக்கும் ‘தங்கள் அடிமை’ என்று உபசாரம் சொல்லியிருக்க மாட்டான்; அவனுக்கு அது உபசாரமா என்ன? வாங்கியவன்தான் சொல்லியிருப்பான்.

நம் பக்கத்திலும் இந்த வேடிக்கை உண்டு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. (ஓசூர் வந்தது 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு.) அலெக்சாண்டர் ரீடும், அவர் கீழிருந்த தாமஸ் மன்றோவும் குதிரைமேல் ஊர் ஊராகப் போய் நிலவரி ஏற்பாடு செய்தவர்கள். அந்தக் காலத்துத் துரைமார் உத்தியோகக் கடிதங்களை ‘கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்று முடிப்பதே சம்பிரதாயம். அந்த ஊழியர்கள் விதித்த வரியைக் கட்டிய குடியானவனுக்கு அது தெரிந்திருந்தால் சிரித்திருப்பான். நம் மனுக்களில் ‘தங்கள் கீழ்ப்படிந்துள்ள’ என்று எழுதிப் பழகியதும் அவர்களைப் பார்த்துத்தான்.

‘உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்’ என்று நாம் எழுந்திருப்பதும் இந்த வகையே. எதிரில் இருப்பவர் உத்தரவு எதுவும் போடுவதில்லை. காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்பார், அவ்வளவுதான்.

இவையெல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘அர்ரிவெதெர்ச்சி’. மீண்டும் ஒருவரையொருவர் பார்க்கும்வரை என்று அர்த்தம்; நம் ‘போய் வருகிறேன்’தான். ‘அத்தியோ’ என்றும் ஒன்று உண்டு: கடவுளிடம் ஒப்படைக்கிறேன் என்பது. மறுநாள் திரையில் பார்க்கப்போகிற சகாவிடம் இத்தாலியர் அதைச் சொல்லுவதில்லை.