தாத்தா சத்தியாகிரகி, பேரன் வெடிகுண்டு

நாயுடுன்னு சொன்னா நம்ம கோயமுத்தூர்க்காரங்களுக்கு ஜி.டி.நாயுடு ஞாபகம்தான் வரும். இது ஜோகன்னஸ்பர்க் நாயுடு கதைங்க.

தம்பி நாயுடு மொரீஷியஸ்ல பொறந்த தமிழர். தென்னாப்பிரிக்காவுல காந்தியோட சேர்ந்து திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனவர். அவரோட பேரன் இந்திரஸ் நாயுடு.

1960ல ஷார்ப்வில்ல போலீஸ் சுட்டதுல 69 பேர் செத்தாங்க. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கும் தடை. அடுத்த வருஷம் மண்டேலாவும் தோழர்களும் 'உம்கோன்டோ வி சிஸ்வே'ங்கற ஆயுதப்படையைத் தொடங்க, பேரன் அதுல சேர்ந்துட்டார்.

1963 ஏப்ரல்ல ரயில்வே சொத்துக்கு வெடி வைக்கப் போனா, கூட இருந்த ஒருத்தன் போலீஸ் ஆளு! தோள்ல குண்டு பாய்ஞ்சுது. பத்து வருஷம் ராபன் தீவு. கைதி எண் 885/63.

தாத்தாவுக்குத் துரோகம் பண்ணிட்டாரா? எனக்கு அப்படித் தோணல. தாத்தா காலத்து அரசாங்கம் 1914ல காந்தியோட ஒப்பந்தமாவது போட்டுச்சு. பேரனுக்குக் கிடைச்சது துப்பாக்கிச்சூடும் தடையும்தான். அதோட, ஆரம்பத்துல அந்தப் படைக்கு இருந்த உத்தரவே உயிர்ச்சேதம் கூடாதுங்கறதுதான்.

வெளிய வந்தும் நிம்மதியில்ல. 1977ல மொசாம்பிக்குக்குத் தப்பினார். சிறை அனுபவத்தை ஆல்பி சாக்ஸ்கிட்ட சொல்ல, 1982ல அது புத்தகமாச்சு. 1994ல எல்லாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலுக்கப்புறம் செனட் உறுப்பினர். மந்திரி பதவியெல்லாம் இல்ல. 2016 ஜனவரியில காலமானார்.

இன்னொண்ணு. 1969ல வின்னி மண்டேலாவுக்கு எதிரா சாட்சி சொல்ல மாட்டேன்னு கோர்ட்டுலயே மறுத்து, அதுக்கும் சேர்த்து ஜெயில் வாங்கிக்கிட்ட சாந்தி நாயுடு இவரோட அக்காதான். அவங்களைப் பத்தி தனியா எழுதோணும்.